க்ரூஸ் கப்பலில் அறை அப்கிரேடும் கூடவே எடுத்துப்போகும் பாட்டிலும்: முதல்முறை போகிறவர்களுக்கு

க்ரூஸ் பயணத்தைப் பதிவு செய்த மறுநாளே இரண்டு கேள்விகள் மண்டையைக் குடைய ஆரம்பிக்கும். கொஞ்சம் காசு சேர்த்துப் போட்டால் ஜன்னல் இல்லாத அறையிலிருந்து பால்கனி அறைக்கு மாற முடியுமா? கப்பலில் குடிக்க நாமே எதையாவது எடுத்துப் போகலாமா? கேட்க எளிதாக இருக்கும் கேள்விகள்தான். பதில் தேடப் போனால்தான் தலை சுற்றும். விதிகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, சில சமயம் கப்பல் எந்த நாட்டிலிருந்து கிளம்புகிறது என்பதைப் பொறுத்தும் வேறு. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். கடைசியில் பயண ஒப்பந்தத்தின் பொடி எழுத்தை உட்கார்ந்து படித்த பிறகுதான் எனக்கே தெளிவு வந்தது. அந்தப் பாடு உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் அறை, அப்புறம்தான் பானம். 'சூட்' என்று சொல்லும் விசாலமான உயர்தர அறைகள் சிலவற்றின் கட்டணத்திலேயே பானங்களும் சேர்ந்துவிடும். அதனால் எந்த அறை என்பது முடிவாகாமல் பானக் கணக்கைப் போட்டால் அது மறுபடி அழித்து எழுதும் கணக்காகத்தான் இருக்கும். கீழே உள்ள படிகளும் அந்த வரிசையில்தான் வருகின்றன.

1. பதிவுத் தாளைக் கையில் எடுங்கள்

முன்பதிவு உறுதியானதும் மின்னஞ்சலில் வந்த தாளில் நான்கு விஷயங்களைத் தேடி வட்டம் போடுங்கள்.

முதலாவது, அறை எண் இருக்கிறதா, இல்லை 'கேரன்டி' என்று மட்டும் போட்டிருக்கிறதா. கேரன்டி என்றால் அறையின் வகைக்கு மட்டும்தான் உறுதி. எந்தத் தளம், எந்த மூலை என்பதைக் கம்பெனி பிற்பாடு முடிவு செய்யும். விலை குறைவாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். அதிர்ஷ்டம் இருந்தால் உயர்ந்த வகை கிடைக்கலாம். ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது.

இரண்டாவது, மீதித் தொகையைக் கட்டி முடிக்க வேண்டிய கடைசித் தேதி. ராயல் கரீபியன் என்ற க்ரூஸ் கம்பெனியில் பொதுவாக ஐந்து இரவு அல்லது அதற்கு மேற்பட்ட பயணத்துக்கு 90 நாள் முன்பு, அதைவிடக் குறுகிய பயணத்துக்கு 75 நாள் முன்பு. நார்வீஜியனில் பெரும்பாலான பயணங்களுக்கு 120 நாள். இந்தத் தேதி ரொம்ப முக்கியம். அதற்கு முன்பு பேரம் ஓரளவுக்கு உங்கள் கையில் இருக்கிறது. அதைத் தாண்டினால் கம்பெனி கையில்.

மூன்றாவது, முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகையா, கிடைக்காத வகையா. நான்காவது, முன்பதிவு யார் கையில் இருக்கிறது. டிராவல் ஏஜென்ட் மூலம் பதிவு செய்திருந்தால், விலை மாற்றம், அறை மாற்றம் எதற்கும் கம்பெனி உங்களிடம் நேரடியாகப் பேசாது, 'உங்கள் ஏஜென்டைக் கேளுங்கள்' என்று கைகாட்டிவிடும். இது தெரியாமல் மணிக்கணக்கில் போனில் காத்திருப்பவர்கள் நிறைய. ஏஜென்ட் வாரக் கடைசியில் போனை எடுப்பாரா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2. எது உண்மையில் நல்ல அறை?

அறைகள் நான்கு வகை: உள் அறை, கடல் தெரியும் ஜன்னல் அறை, பால்கனி அறை, சூட். வகை உயர்ந்தால் வசதியும் உயரும் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் இடம் மோசமாக இருந்தால் வகை உயர்ந்து பயனில்லை.

கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்து அறைதான் சிறந்தது. ஆட்டம் அங்கேதான் குறைவு. மேல் தளத்தில் முன்முனைப் பால்கனி அறை படத்தில் அழகாக இருக்கும், அலை எழும்போது அதுதான் அதிகம் ஆடும். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே உள்ள அறையில், விடிகாலையில் ஊழியர்கள் சாய்வு நாற்காலிகளைத் தரையில் இழுத்து வரிசை போடும் 'கர்ர்' சத்தம் தலைக்கு மேலேயே கேட்கும். அரங்கு, நடனக் கூடம் ஆகியவற்றை ஒட்டிய அறைகளில் நள்ளிரவு வரை இசையின் 'தும் தும்' அதிர்வு வரும். கீழ்த்தளத்தில் முன்முனையில் இருந்தால் துறைமுகத்தில் நங்கூரம் இறங்கும் சத்தம். பக்கத்து அறைக்குத் திறக்கும் உட்கதவு இருந்தால் பக்கத்துக் குடும்பத்தின் சண்டையும் உங்களுக்குத்தான்.

அதனால் கம்பெனியின் இணையதளத்தில் தள வரைபடத்தை எடுத்து, உங்கள் அறையின் மேல் தளம், கீழ்த் தளம் இரண்டையும் பாருங்கள். மேலும் கீழும் அறைகளாகவே இருந்தால் நல்லது. வரைபடத்தில் பெயர் போடாமல் வெள்ளையாக விட்டிருக்கும் இடங்கள் பெரும்பாலும் சமையலறை, சரக்கு அறை மாதிரியான ஊழியர் பகுதிகள். அங்கேயும் சத்தம் உண்டு. இப்போது நல்ல இடத்தில் அறை எண் கையில் இருக்கிறது என்றால், அப்கிரேடு கேட்பதற்கு முன் அதை இழக்கத் தயாரா என்று ஒருமுறை யோசியுங்கள்.

3. கடைசித் தேதிக்கு முன்பு விலையைக் கவனித்துக்கொண்டே இருங்கள்

க்ரூஸ் விலை விமான டிக்கெட் மாதிரி ஏறி இறங்கும். நீங்கள் உள் அறைக்குக் கொடுத்த விலைக்கே சில வாரம் கழித்துப் பால்கனி அறை வரலாம். மீதித் தொகை கட்டும் தேதிக்கு முன்பு என்றால், பல கம்பெனிகள் அன்றைய விலைக்கு உங்கள் முன்பதிவை மாற்றிக் கொடுக்கும். நீங்களாகக் கேட்டால்தான் நடக்கும். அவர்களாக அழைத்து 'விலை குறைந்துவிட்டது சார்' என்று சொல்ல மாட்டார்கள்.

பார்ப்பதற்கு வழி எளிது. அதே கப்பல், அதே தேதி, அதே ஆட்கள் என்று ஒரு புதிய முன்பதிவைப் பணம் கட்டும் பக்கம் வரை ஓட்டிப் பாருங்கள். முதல் பக்கத்தில் தெரியும் கவர்ச்சி விலையை நம்பாதீர்கள். வரி, துறைமுகக் கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொண்டு உடனே அழையுங்கள். சாயந்திரத்துக்குள் விலை மாறிவிடுவதும் உண்டு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. புதிய விலைக்கு மாறினால் பழைய விலையோடு வந்த சலுகைகள் போய்விடலாம். கப்பலில் செலவழிக்கக் கொடுத்த கிரெடிட், இலவச வைஃபை, நாளுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டுக் குடிக்கும் பானப் பேக்கேஜ் என்று எது எது போகும் என்று கேட்டு, அதன் மதிப்பைக் கழித்துவிட்டுத்தான் லாபமா என்று பாருங்கள். 100 டாலர் குறைகிறது என்று சந்தோஷப்பட்டு 200 டாலர் கிரெடிட்டை விட்டுவிடக் கூடாது.

4. ஏலம் கேட்பது

மீதித் தொகையையும் கட்டியாகிவிட்டது. அதன் பிறகு அறையை மாற்ற அதிகம் புழங்கும் வழி ஏலம்தான். ராயல் கரீபியனில் 'ராயல்அப்', நார்வீஜியனில் 'அப்கிரேடு அட்வான்டேஜ்', செலிபிரிட்டியில் 'மூவ்அப்' என்று பெயர் வேறு வேறு, செயல்பாடு கிட்டத்தட்ட ஒன்று. மின்னஞ்சலில் அழைப்பு வரும். வராவிட்டாலும் கம்பெனி தளத்தில் அதற்கான பக்கத்தில் முன்பதிவு எண்ணைப் போட்டுத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கலாம். உயர்ந்த வகை ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சத் தொகை ஒன்று இருக்கும். அதற்கு மேல் நீங்கள் எவ்வளவு தருவீர்கள் என்று திரையில் உள்ள ஒரு ஸ்லைடரை நகர்த்திச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒரு மீட்டர், உங்கள் தொகை வலுவானதா பலவீனமா என்று காட்டும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

திரையில் காட்டும் தொகை ஒரு ஆளுக்கு. பொதுவாக அது இரண்டு ஆட்களுக்குக் கணக்காகும். 150 டாலர் என்று கேட்டால் கார்டிலிருந்து போவது 300 டாலர். அறையில் மூன்றாவது, நான்காவது ஆள் இருந்தால் அவர்களுக்குத் தனியாக இல்லை. நால்வர் குடும்பத்துக்கு இது லாபம். தனியாகப் போகிறவருக்கு நஷ்டம், ஏனென்றால் ஒருவர் மட்டும் இருந்தாலும் இருவருக்கான 300 டாலர்தான். இந்தத் தொகை முழுப் பயணத்துக்கும் சேர்த்து, இரவுக் கணக்கு இல்லை. ஏற்கெனவே கட்டிய கட்டணத்துக்கு மேல் கூடுதலாகப் போவது.

கேட்பதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். அந்த உயர்ந்த வகை இன்றைக்கு நேரடியாக என்ன விலைக்கு விற்கிறது? உங்கள் அறை வகை என்ன விலைக்கு விற்கிறது? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உச்ச வரம்பு. ஏலத்தில் அதைத் தாண்டிக் கேட்பது வீண். கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள், அப்படித் தாண்டிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், மீட்டர் பச்சையாக வேண்டும் என்ற ஆசையில். மீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது வாக்குறுதி இல்லை. குறைந்தபட்சத்துக்குச் சற்று மேலே கேட்டவர்களுக்குக் கிடைத்ததும் உண்டு, வலுவாகக் கேட்டும் கிடைக்காமல் போனதும் உண்டு. அந்த வகையில் காலி அறை இருந்தால்தானே எதுவும் நடக்கும்? என் பழக்கம், அந்த அறைக்கு நான் மனசார எவ்வளவு தருவேனோ அதைப் போட்டுவிட்டு மறந்துவிடுவது.

பல வகைகளுக்கு ஒரே நேரத்தில் கேட்கலாம், ஏற்றுக்கொள்ளப்படுவது ஒன்றுதான். ஆனால் அது உங்களுக்கு ஆசையான மேல் வகையாகத்தான் இருக்கும் என்று இல்லை. ஜன்னல் அறைக்கும் பால்கனிக்கும் கேட்டிருந்தால் ஜன்னல் அறை கிடைத்து விஷயம் முடிந்துவிடலாம். வேண்டாத வகைக்குச் சும்மா கேட்டு வைக்காதீர்கள்.

ஏற்றுக்கொள்ளும் வரை தொகையை மாற்றலாம், ரத்து செய்யலாம். ஏற்றுக்கொண்ட நொடியில் கார்டில் பணம் எடுக்கப்படும், திரும்பக் கிடைக்காது. பதில் கப்பல் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போதுகூட வரலாம். அதுவரை அந்தத் தொகைக்குக் கார்டில் இடம் வைத்திருங்கள். அறை எண்ணை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. பால்கனி கேட்டு, எதிரே உயிர்காப்புப் படகு தொங்கும் பால்கனி கிடைத்தாலும் புகார் எடுபடாது.

இன்னும் மூன்று சிறு விஷயங்கள். பக்கத்து அறையில் அப்பா அம்மா இருக்கிறார்கள் என்றால், ஏலம் ஜெயித்ததும் நீங்கள் வேறு தளத்துக்குப் போய்விடுவீர்கள், அவர்கள் அங்கேயே இருப்பார்கள். ராயல் கரீபியனில் ஏலத்தில் சூட் கிடைத்தாலும், அடிக்கடி வருபவர்களுக்குத் தரும் உறுப்பினர் புள்ளிகள் முதலில் பதிவு செய்த வகைக்கு உரியதுதான். அப்புறம், சூட் என்றால், ஊழியர்களுக்காகக் கணக்கில் சேர்க்கும் தினசரி டிப்ஸ் தொகையும் கூடும். கம்பெனியைப் பொறுத்து ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து ஐந்து டாலர் வரை கூடுதலாக வரலாம். ஏழு இரவு, இரண்டு பேர் என்றால் அதுவும் ஒரு தொகைதான். கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. போன் அழைப்பும் துறைமுகக் கவுன்டரும்

சில சமயம் கம்பெனியே அழைத்து 'இவ்வளவு சேர்த்தால் சூட் தருகிறோம்' என்று சொல்லும். ஏலத்தைவிட இது ஒரு விதத்தில் மேல், அறை எண்ணைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். தள வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுங்கள். கார்டு எண்ணை உள்ளே வந்த அழைப்பில் கொடுக்க வேண்டாம். நீங்களே கம்பெனியின் எண்ணுக்குத் திரும்ப அழைத்துக் கொடுங்கள்.

ஏறும் நாளில் துறைமுகத்திலோ, கப்பலின் விருந்தினர் சேவை மேஜையிலோ காலி அறைகளை விற்பதும் உண்டு. கப்பல் நிரம்பியிருந்தால் எதுவும் இருக்காது. ஆசை இருந்தால் சீக்கிரம் போய்க் கேளுங்கள், நம்பிப் போகாதீர்கள்.

மாறவே விருப்பம் இல்லையா? தேடிப் பிடித்த அறையைக் கம்பெனியே வேறொன்றுக்கு மாற்றிவிடக் கூடாது என்றால், 'அப்கிரேடு வேண்டாம்' என்று முன்பதிவில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். பல கம்பெனிகளில் அதற்கென்று ஒரு குறிப்பு இருக்கிறது.

6. அறை மாறியதும் செய்ய வேண்டிய எழுத்து வேலை

போர்டிங் பாஸ், பெட்டிகளில் கட்டும் லக்கேஜ் டேக் இரண்டையும் புதிய அறை எண்ணோடு மறுபடி அச்சடியுங்கள். எங்களுக்கு ஒரு முறை கிளம்பும் நேரத்தில் அறை மாறியது. டேக் பழைய எண்ணோடு போனது. இரவுச் சாப்பாடு முடிந்து வந்தும் பெட்டி வரவில்லை. இரண்டு தளம் கீழே, எங்களுடையதாக இருந்த அறையின் வாசலில் அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. அன்றிரவு சாப்பாட்டுக்குப் போனது விமானத்தில் போட்டிருந்த அதே சட்டையோடு. பழைய டேக்கைக் கிழித்துவிட்டுப் புதியதைக் கட்டுங்கள். நேரம் இல்லை என்றால் துறைமுகத்தில் பெட்டி வாங்கும் ஊழியரிடம் சொன்னால் கையால் எழுதிப் புதியது கட்டித் தருவார்.

பயணக் காப்பீட்டில் பயணச் செலவு என்று பழைய தொகை இருக்கும். அப்கிரேடு பணத்தையும் சேர்த்துத் திருத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பயணம் ரத்தானால் அந்தக் கூடுதல் பணம் வராமல் போகலாம். குழந்தைத் தொட்டில், தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்கான சிபாப் கருவிக்குக் காய்ச்சி வடித்த நீர், நீட்டிப்பு வயர் என்று முன்பு கேட்டு வைத்ததெல்லாம் புதிய அறைக்கும் பதிவாகியிருக்கிறதா என்று ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

7. யார் எவ்வளவு பாட்டில் விடுகிறார்கள்

சரி, இப்போது பானம். பெரும்பாலான பெரிய கம்பெனிகளில் அடிப்படை ஒன்றுதான்: ஒயின் அல்லது ஷாம்பெயின் கொஞ்சம் விடுவார்கள், விஸ்கி, ரம், வோட்கா மாதிரி கடின மதுவை விட மாட்டார்கள். பீருக்கும் பெரும்பாலும் அனுமதி இல்லை. அதற்கு மேல் விவரங்கள் இப்படி.

ராயல் கரீபியனில் மது அருந்தும் வயது வந்த ஆளுக்கு 750 மில்லி ஒயின் அல்லது ஷாம்பெயின் ஒரு பாட்டில், ஏறும் நாளில் மட்டும். மது இல்லாத பானங்கள் அறைக்கு 12 கேன் அல்லது பாட்டில். கார்னிவலில் 21 வயது நிரம்பியவருக்கு 750 மில்லி ஒரு பாட்டில் ஒயின். சோடா, ஜூஸ் ஆளுக்கு 12 சிறிய கேன் அல்லது அட்டைப் பெட்டி. பிளாஸ்டிக், கண்ணாடி பாட்டிலில் வரும் தண்ணீரும் குளிர்பானமும் அங்கே உள்ளே வராது. செலிபிரிட்டியில் அறைக்கு இரண்டு பாட்டில் ஒயின்.

நார்வீஜியன் வேறு மாதிரி. ஒயின் எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் கார்க்கேஜ், அதாவது வெளியிலிருந்து கொண்டுவரும் பாட்டிலுக்கு வாங்கும் கட்டணம்: 750 மில்லிக்கு 15 டாலர், 1500 மில்லிக்கு 30 டாலர். அறையில் குடித்தாலும் கட்ட வேண்டும். தண்ணீர், சோடா எதையும் விடுவதில்லை. டிஸ்னிதான் தாராளம். 21 வயது நிரம்பியவர் இரண்டு பாட்டில் ஒயின் அல்லது ஆறு பீர் கொண்டுபோகலாம், அதுவும் ஏறும் நாளில் மட்டுமல்ல, வழியில் நிற்கும் ஒவ்வொரு துறைமுகத்திலும்.

வயது விஷயத்தில் கவனம் வேண்டும். அமெரிக்காவிலிருந்து கிளம்பும் கப்பல்களில் 21 வயது. ஐரோப்பாவிலிருந்து கிளம்பினால் பல கம்பெனிகளில் 18. கணவனும் மனைவியும் இருந்து ஒருவருக்கு 20 வயதுதான் என்றால் இரண்டு பாட்டில் என்று கணக்குப் போட முடியாது. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அதனால் கிளம்பும் வாரத்தில் உங்கள் கம்பெனியின் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்து, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செக்யூரிட்டி மேஜையில் வாக்குவாதம் வந்தால் அதுதான் பேசும்.

குழந்தைப் பால்பவுடருக்கான நீர், மருத்துவக் காரணத்துக்கான காய்ச்சி வடித்த நீர், தனிப்பட்ட உணவுத் தேவைக்கான பானம் ஆகியவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. சீல் பிரிக்காமல் இருக்க வேண்டும், மருத்துவரின் கடிதம் கையில் இருந்தால் நிம்மதி. சிறப்புத் தேவைகளுக்கான பிரிவுக்குச் சில வாரம் முன்பே எழுதிவிட்டால் நீரைக் கம்பெனியே அறையில் வைத்துக் கொடுப்பதும் உண்டு.

குடிதண்ணீருக்காகக் கவலைப்பட வேண்டாம். கப்பல் குழாயில் வருவது கடல்நீரைச் சுத்திகரித்தோ துறைமுகத்தில் ஏற்றியோ பரிசோதித்துத் தரும் நீர், தாராளமாகக் குடிக்கலாம். காலி பாட்டிலைக் கொண்டுபோய் நிரப்பிக்கொள்ளுங்கள். காலி பாட்டிலுக்கு யாரும் ஆட்சேபம் சொல்வதில்லை.

8. எந்தப் பையில் வைப்பது

கைப்பையில். வேறு எங்கேயும் இல்லை.

டேக் கட்டிக் கொடுக்கும் பெரிய பெட்டியில் பாட்டிலை வைத்தால் இரண்டு ஆபத்து. ஒன்று, உடைந்து துணியெல்லாம் பாழாகும். இரண்டாவது, எக்ஸ்ரேயில் பாட்டில் உருவம் தெரிந்ததும் அந்தப் பெட்டியைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். மற்ற பெட்டிகள் அறைக்கு வந்துவிடும், இது மட்டும் வராது. அறைக் கதவில் ஒரு சீட்டு இருக்கும். நீங்கள் கீழ்த்தளத்தில் ஒரு சிறிய அறைக்குப் போய், அங்கே இஸ்திரிப்பெட்டி, கெட்டில் இவற்றோடு பிடிபட்ட மற்றவர்களின் வரிசையில் நின்று, பாதுகாவலர் முன்னால் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். அனுமதி உள்ள ஒயின்தான் என்றாலும் அந்த அலைச்சல் தப்பாது.

கைப்பையில் வைத்தாலும் எக்ஸ்ரே மேஜையில் நிறுத்துவார்கள், அது சாதாரணம். பாட்டிலை வெளியே எடுத்து மூடியின் சீலை விரலால் தடவிப் பார்ப்பார்கள், அளவைப் படிப்பார்கள். கார்க்கேஜ் வாங்கும் கம்பெனி என்றால் உங்கள் அறைக் கணக்கில் அங்கேயே தொகையைப் பதிந்து, பாட்டில் கழுத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பார்கள். அந்த ஸ்டிக்கரைப் பிய்க்காதீர்கள். இரவு உணவகத்தில் கார்க்கேஜ் ஏற்கெனவே கட்டியதற்கு அதுதான் ரசீது.

தண்ணீர் பாட்டிலில் வோட்கா, வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலில் பச்சைச் சாயம் கலந்த ஜின் என்று குறுக்கு வழி சொல்லித்தர ஆட்கள் நிறைய. அந்த வித்தைகளையெல்லாம் அந்த மேஜைக்காரர்கள் உங்களுக்கு முன்பே பார்த்தவர்கள். பிடிபட்டால் ஊற்றிவிடுவார்கள், திரும்பத் தர மாட்டார்கள். கப்பலை விட்டே இறக்கிவிடும் உரிமையும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒரு பாட்டிலுக்காக முழு விடுமுறையையும் பணயம் வைப்பது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

9. பாட்டிலா, பேக்கேஜா: கணக்கு

ஒரு 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் வரும். கப்பலில் ஒரு கிளாஸ் ஒயின் 12 டாலர், அதன் மேல் 20 சதவீதம் சேவைக் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கிளாஸுக்கு 72 டாலர். வெளியே 15 டாலருக்கு வாங்கிய பாட்டிலோடு 15 டாலர் கார்க்கேஜ் சேர்த்தாலும் 30தான். ஒயின் மட்டும் குடிக்கிறவர்களுக்குச் சொந்தப் பாட்டிலும் கார்க்கேஜும் நல்ல வழி.

பேக்கேஜ் கணக்கு வேறு. ஒரு நாளைக்கு 80 டாலர் என்று விளம்பரம் இருந்தால், சேவைக் கட்டணம் 20 சதவீதம் சேர்த்து 96. ஏழு நாளைக்கு 672. இங்கேதான் பொறி: பல கம்பெனிகளில் அறையில் ஒரு பெரியவர் மதுப் பேக்கேஜ் எடுத்தால் மற்ற பெரியவர்களும் எடுத்தாக வேண்டும். ஆக 1344 டாலர். ஒரு காக்டெயில் சேவைக் கட்டணத்தோடு 17 டாலர் சொச்சம் என்றால், பேக்கேஜ் கட்டுபடியாக ஒவ்வொருவரும் தினமும் ஆறு பானம் குடிக்க வேண்டும். துறைமுகத்தில் இறங்கி நாள் முழுக்க ஊர் சுற்றும் நாட்களிலும்தான். நம்மால் முடியுமா என்று நிஜமாக யோசியுங்கள். கார்னிவலின் பேக்கேஜில் 24 மணி நேரத்துக்கு 15 மதுபானம் என்று உச்ச வரம்பும் இருக்கிறது.

ஒருவர் குடிக்காதவர் என்றால் சோடா பேக்கேஜும் காபி கார்டும் போதுமா என்று பாருங்கள். சாதாரண காபி, டீ, தண்ணீர் எல்லாம் பஃபேயில் இலவசம்தான்.

பேக்கேஜ் எடுப்பதென்று முடிவானால் கப்பலில் ஏறும் முன் இணையத்திலேயே எடுங்கள். பெரும்பாலும் விலை குறைவு. பயணத்துக்கு முன்பு ரத்து செய்தால் பணத்தைத் திருப்பும் கம்பெனி என்றால், விலை இறங்கும்போது பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிய விலைக்கு மறுபடி வாங்கலாம். ஏலம் முடிவாகாமல் இருந்தால் ரத்து செய்யும் கடைசித் தேதியைக் குறித்து வையுங்கள். செலிபிரிட்டியின் ரிட்ரீட் சூட் மாதிரி சில அறைகளில் பானப் பேக்கேஜ் சேர்ந்தே வரும். ஏலத்தில் அந்த அறைக்குப் போனவர்களுக்கும் அது உண்டா என்று ஏல விதிமுறையிலேயே பார்த்துவிட்டு, உண்டு என்றால் காசு கொடுத்து வாங்கியதை அன்றே ரத்து செய்யுங்கள்.

10. வழியில் வாங்கிய பாட்டில்கள்

துறைமுகத்தில் இறங்கி ஒரு ரம் பாட்டில் வாங்கினால் திரும்ப ஏறும்போது வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள். கப்பலின் வரியில்லாக் கடையில் வாங்கினாலும் பெரும்பாலும் இதே கதை. கடைசி இரவு அறைக்கு வரும், இல்லை என்றால் நீங்கள் போய் வாங்க வேண்டும். ரசீதை அறைச் சாவி அட்டையோடு சேர்த்தே வையுங்கள்.

கடைசி இரவில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய பெட்டிகளை நள்ளிரவுக்கு முன்பே அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். பாட்டில் அதற்கு அப்புறம் வந்தால் அது உங்கள் கைப்பையில்தான் போகும். அன்றைக்கே விமானம் என்றால், 100 மில்லிக்கு மேலான திரவம் விமானக் கைப்பையில் போகாது. கப்பல் கடையின் பையை விமானத்துக்குள் அனுமதிக்கும் விமான நிலைய சீல் பை என்று நினைத்துவிடாதீர்கள். அதனால் ஒரு பெட்டியில் இடம் விட்டு, துறைமுகத்திலிருந்து வெளியே வந்ததும் பாட்டிலைத் துணியில் சுற்றி அதற்குள் மாற்றி, விமான நிலையத்தில் அந்தப் பெட்டியைச் செக்-இன் செய்யுங்கள். செக்-இன் பெட்டியிலும் 24 சதவீதத்துக்கு மேல் 70 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ளவை ஆளுக்கு ஐந்து லிட்டர்தான், கடையில் வாங்கிய சீலோடு. 70 சதவீதத்தைத் தாண்டியவை விமானத்தில் ஏறவே ஏறாது. கரீபியன் துறைமுகங்களில் விற்கும் சில கடுமையான ரம் வகைகள் இந்த வரம்பைத் தாண்டுபவை. காசு கொடுக்கும் முன் லேபிளைப் படியுங்கள்.

சுங்கத்தில் அமெரிக்காவுக்குள் நுழையும்போது 21 வயது நிரம்பியவருக்குப் பொதுவாக ஒரு லிட்டர் வரை வரி கிடையாது. அதற்கு மேல் இருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், கடை ரசீதைக் காட்டுங்கள். அங்கிருந்து வேறு நாட்டுக்குப் பறப்பவர்கள் அந்த நாட்டின் வரம்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு எத்தனை பாட்டில் என்று முடிவு செய்யுங்கள்.